ஞாயிறு பழுதுபார்ப்புப் பட்டறை: அப்பாயியின் கிரைண்டரோடு போனேன்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மாதம் ஒரு ஞாயிறு, காலை 10 மணியிலிருந்து மதியம் 2 மணிவரை, இலவசப் பழுதுபார்ப்புப் பட்டறை நடக்கிறது. கெட்டுப்போன பொருளைக் கொண்டுபோனால் தொண்டூழியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். திருப்புளியைப் பிடிக்க வேண்டியது நாம்தான். நான் ஐந்து மாதமாகப் போகிறேன், முதல் இரண்டு மாதம் கிரைண்டரோடு, அப்புறம் தொண்டூழியராக. பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணக்கியல் படிக்கிறேன். மோட்டாருக்கும் என் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை.

இதற்கு முன் உகுலேலே வகுப்புக்கு எட்டு வாரம் போனேன். மண்பாண்டச் சக்கரத்தில் ஒரு நாள் உட்கார்ந்தேன், அதற்கு 70 வெள்ளி. கடற்கரைத் துப்புரவுக்கு மூன்று முறை போனேன். எதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொண்டூழிய மணிக்கணக்குத் தாளில் கையெழுத்து விழுந்ததும் மனசு வீட்டுக்குக் கிளம்பிவிடும், அடுத்த முறை எப்போது என்று கேட்கத் தோன்றாது. இந்தப் பட்டறையில் முதல் நாளே அதைத்தான் கேட்டேன்.

அப்பாயியின் இரண்டு லிட்டர் கிரைண்டர் ஒரு நாள் திடீரென்று சுற்றவில்லை. ஸ்விட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகும், பாத்திரம் அசையாது. அம்மா புதியது பார்த்துவைத்துவிட்டார், 260 வெள்ளி. பழையதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. குடியிருப்புப் பேட்டையில் இருக்கும் மின்கழிவுத் தொட்டிகள் கணினி, கைபேசி, பேட்டரி, விளக்கு போன்றவற்றுக்கானவை, கிரைண்டருக்கு அங்கே இடமில்லை. பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் எடுத்தால் இரும்பு விலைக்குப் போகும். குப்பையில் போட்டால் எரிஆலைக்குப் போய், சாம்பல் செமக்காவ் தீவில் கொட்டப்படும். அந்தத் தீவும் 2035க்குள் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள். அப்பாயி ஒன்றும் பேசாமல் கிரைண்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் மன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சுமை தூக்கும் தள்ளுவண்டி இல்லாமல் யாரும் கிரைண்டர் கொண்டுபோக வேண்டாம், கல் மட்டுமே கையை இழுத்துவிடும்.

எனக்குக் கிடைத்த பயிற்றுநர் ஒரு சீன அங்கிள், மின்தூக்கி பராமரிப்பில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். கல்லை வெளியே எடுக்கச் சொன்னார். ஸ்விட்சைப் போட்டதும் பாத்திரத்தைக் கையால் லேசாகச் சுற்றிவிடச் சொன்னார். சுற்றிவிட்டேன், அது தானாக ஓட ஆரம்பித்தது! "மோட்டார் நன்றாக இருக்கிறது, தொடங்கத்தான் முடியவில்லை," என்றார். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகமான கப்பாசிட்டர் போயிருக்கும் என்று ஊகம். பிளக்கைப் பிடுங்கி, அடிமூடியின் நான்கு திருகாணிகளைக் கழற்றி, கப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வழியாக வடித்த பிறகே அளக்கும் மீட்டரை வைக்க விட்டார். உறையில் அதன் தேக்கும் அளவு 10 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருந்தது. மீட்டர் 4ஐக்கூடத் தொடவில்லை.

கப்பாசிட்டர் போனால் மோட்டார் ஏன் தொடங்காது என்று தாளில் வரைந்து காட்டினார். வீட்டுக்கு வரும் ஒருமுனை மின்சாரம் மோட்டாரின் முக்கியச் சுருளில் முன்னும் பின்னும் ஆடும் காந்தப்புலத்தை மட்டுமே உண்டாக்கும். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரை எந்தப் பக்கம் திருப்புவது என்று அதற்குத் தெரியாது. கப்பாசிட்டர் இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தைச் சற்று முன்தள்ளிவிடும். இரண்டும் சேரும்போது புலம் சுழலும், மோட்டாரும் கூடவே சுழலும். வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் இதைச் சொன்னேன். "வண்டி மாட்டுக்கு முதல் தட்டு மாதிரி. கிளம்பிட்டா அதுபாட்டுக்குப் போகும்," என்றார். நான் அரை மணி நேரம் சொன்னது அவருக்கு ஒரு வரியில் முடிந்தது.

பட்டறையில் உதிரிபாகம் கிடைக்காது. அங்கிள் அளவையும் 450 வோல்ட் என்ற எண்ணையும் எழுதிக்கொடுத்து சிம் லிம் டவருக்கு அனுப்பினார். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவிலிருந்து நடக்கிற தூரம்தான். கணினி விற்கும் சிம் லிம் சதுக்கம் வேறு, இது ஜாலான் புசாரில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் சின்னச் சின்னப் பெட்டிகளில் ரெசிஸ்டரும் ஒயரும் ஸ்விட்சும் அடுக்கிவைத்திருப்பார்கள். பழைய கப்பாசிட்டரை நீட்டினேன், கடைக்காரர் ஒரு நிமிடத்தில் எடுத்துவந்துவிட்டார். 8 வெள்ளி. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள், அளவைச் சொல்லிப் புரியவைப்பதைவிட அது எளிது. அடுத்த மாதப் பட்டறையில் நானே பொருத்தினேன். அன்று மாலை மாவு அரைத்தோம், மறுநாள் காலை இட்லி.

இனி குறைகள். 10 மணிக்கு என்று பதிவு செய்திருந்தும் முதல் முறை என் எண்ணை அழைத்தது 11.45க்கு. அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாத மூத்தோர் சிலர் திரும்பிப்போனதைப் பார்த்தேன், வருத்தமாக இருந்தது. அறிவிப்பு ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டும் ஒட்டியிருந்தார்கள். ஈயப்பற்று வைக்கும் இரும்பு ஐந்தில் இரண்டு சரியாகச் சூடாவதில்லை. எல்லாப் பொருளும் சரியாகிவிடும் என்றும் நினைத்து வராதீர்கள். பிளாஸ்டிக்கை ஒட்டியே மூடிய கெட்டில்களைத் திறக்கவே முடியாது. மைக்ரோவேவ் அடுப்பை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது சரியான முடிவு என்றே சொல்வேன். அதன் கப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. யாரும் நம் கையிலிருந்து பொருளைப் பிடுங்கிச் 'சட்டென்று முடித்துத் தருகிறேன்' என்று சொல்வதில்லை. எனக்கு ஒரு திருகாணி வழுக்கிக்கொண்டே இருந்தது. அங்கிள் பாலில்லாத கோப்பி ஓ குடித்துக்கொண்டு பத்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் இந்த இடத்தைப் பரிந்துரைப்பேன். இந்த யோசனையின் வேரும் அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். 2009ல் மார்ட்டீன் போஸ்ட்மா என்ற டச்சுப் பெண்மணி ஆம்ஸ்டர்டாமில் முதல் 'ரிப்பேர் கஃபே'யை நடத்தினார். இங்கே 2014ல் தொடங்கிய 'ரிப்பேர் கோப்பித்தியாம்' அதற்கு நம் ஊர்ப் பெயரைக் கொடுத்தது, கோப்பித்தியாம் என்றால் காப்பிக் கடை. எங்கள் மன்றத்தில் நடப்பது அதே வழியில் வந்த சின்னப் பட்டறை.

மூன்றாம் மாதம் தொண்டூழியராகச் சேர்ந்தேன். தகுதி எதுவும் கேட்கவில்லை. முதலில் பாதுகாப்பு விளக்கம், அப்புறம் பதிவு மேசை. தமிழில் பேச ஆள் கிடைத்ததும் மேசைக்கு வரும் மூத்தோர் முகம் மாறுவதைப் பார்த்தேன். தமிழ் அறிவிப்பையும் எழுதி ஒட்டினேன், ஒட்டிக்கொள் என்று உடனே சொல்லிவிட்டார்கள். நான்காம் மாதம் ஒரு பாட்டி கைக்கடக்கமான வானொலி கொண்டுவந்தார். பேட்டரி அறையில் பச்சையும் வெள்ளையுமாகக் கசிவு. அங்கிள் வேறு மேசையில் இருந்தார், "நீயே பார்," என்று கையசைத்தார். காது குடையும் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தேன். காரக் கசிவை அமிலம் கரைத்துவிடும். கம்பிச்சுருளை மணற்காகிதத்தால் தேய்த்துப் புது பேட்டரி போட்டோம். ஒலி 96.8 வந்தது. பாட்டி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, கொஞ்சம் கூட்டி, "ஏம்மா, இந்தப் பஞ்சு வேலையை வீட்டிலேயே செய்யலாமா?" என்று கேட்டார். செய்யலாம் பாட்டி, பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள் என்றேன். அடுத்து உட்கார்ந்திருந்தவருக்கு அவரே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

போகிற மாணவர்களுக்குச் சில வார்த்தை. மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், நீண்ட முடியைக் கட்டுங்கள். மல்டிமீட்டர் வாங்க அவசரப்படாதீர்கள், பட்டறையிலேயே இருக்கிறது. முதல் பொருளாக மின்விசிறியைக் கொண்டுபோங்கள். உள்ளே இடம் தாராளமாக இருக்கும், எண்ணெய் வற்றிய தண்டு, தூசி, கப்பாசிட்டர் என்று கோளாறுகளும் பார்த்ததும் புரிகிறவை. பதிவு தொடங்கிய அன்றே இடம் பிடித்துவிடுங்கள். முடிந்தால் மன்றத்தில் முதல் மணி நேரத்துக்கான இடமாகக் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்த ஞாயிறு கோயில் அன்னதானத்தில் உதவுகிற ஒருவர் பெரிய ரைஸ் குக்கரைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், சூடு ஏறுவதே இல்லையாம். அளவுக்கு மேல் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருக்கலாம் என்கிறார் அங்கிள். நான் சிம் லிம் டவரில் சனிக்கிழமையே இரண்டு வாங்கிவைக்கப் போகிறேன்.