வங்கிக் காரியங்களுக்கு நோட்டரி: மார்த்தாண்டத்திலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் கடையை அப்பாவிடமிருந்து ஏற்ற நாள் முதல், கேஷ் கிரெடிட் (கடைக்கான சுழல் கடன்) புதுப்பித்தல், தம்பியின் வீட்டுக்கடன், அப்பா மறைந்த பின் அவருடைய வைப்புத்தொகையைப் பெறுதல் என்று ஏதாவது ஒரு வங்கிக் காரியத்துக்காக ஆவணங்களுக்குச் சான்றளிக்க அரசு நியமித்த நோட்டரி வக்கீலைத் தேடிச் செல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் குழித்துறை நீதிமன்றத்தின் அருகே அலுவலகம் வைத்திருக்கும் ஒருவரிடமே செல்கிறேன். அவரிடம் காத்திருக்க வேண்டும். கட்டணத்திலும் சலுகை கிடையாது. ஆயினும் அவர் முத்திரையிட்ட எந்தத் தாளையும் வங்கி இதுவரை திருப்பி அனுப்பியதில்லை.

கையெழுத்திடுபவர் நேரில் வராமல் அவர் எதிலும் ஒப்பமிட மாட்டார். அப்பாவின் வைப்புத்தொகைக்காக வாரிசுகளின் பிரமாணப் பத்திரத்தையும் பின்னால் வேறு யாரும் உரிமை கோரினால் இழப்பை ஈடுசெய்வோம் என்னும் ஈட்டுறுதிப் பத்திரத்தையும் வங்கி கேட்டபோது, முழங்கால் வலியால் படியேற இயலாத அம்மாவுக்காக அவரே இறங்கி ஆட்டோவின் அருகில் வந்தார். ஆதார் அட்டையின் படத்தோடு முகத்தை ஒப்பிட்டு, பத்திரத்தை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டிவிட்டு, "அம்மா, இதுல எழுதியிருக்கது எல்லாம் சரிதானா? வேற அவகாசிகள் யாராவது உண்டா?" என்று கேட்டு, அம்மா வாய்திறந்து பதில் சொன்ன பிறகே கைநாட்டு வாங்கினார். பதிவேட்டையும் கீழே கொண்டுவரச் செய்து அதிலும் கைநாட்டு வைக்கச் சொன்னார். பதிவேட்டின் வரிசை எண்ணைப் பத்திரத்தில் தம் கையாலேயே எழுதி, அடித்துத் திருத்தியிருந்த இரண்டு இடங்களில் சுருக்கொப்பமிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வைத்தார்.

"ஆள் வர வேண்டாம், ஆதார் நகல் போதும், சாயங்காலம் சீல் வைத்துத் தருகிறோம்" என்று சொல்லும் இடைத்தரகர்களும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உண்டு. உறவினர் ஒருவர் அப்படி வாங்கிய பத்திரத்தை வங்கி ஏற்கவில்லை. வரிசை எண் இல்லை, முத்திரையிட்டவரின் சான்றிதழ் காலமும் முடிந்திருந்தது. நோட்டரியாகத் தொழில் செய்வதற்கான சான்றிதழ் 5 ஆண்டுகளுக்கே செல்லும். அதன் பின் புதுப்பிக்க வேண்டும். அதனால் முத்திரையில் உள்ள பெயரையும் பதிவு எண்ணையும் மட்டும் பார்க்காமல், சான்றிதழ் எந்த நாள் வரை செல்லும் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்டால் நல்ல நோட்டரி யாரும் கோபிப்பதில்லை.

இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல் பழைய பத்திரங்களில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும் வரை நாம் திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்ததால், பல குடும்பங்களின் மூலப்பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்னும் மலையாள ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. தம்பியின் வீட்டுக்கடன் கோப்பு வெளிமாவட்டத்துக்குச் சென்றபோது, அங்கிருந்த வங்கி வக்கீல் தமிழாக்கம் கேட்டார். மொழிபெயர்ப்பதும், மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதும் 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் 8ஆம் பிரிவில் நோட்டரிக்குத் தரும் பணிகளுள் அடங்கும். மலையாளம் நன்கறிந்த நம் வக்கீல் மூலத்தையும் தமிழாக்கத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, கொல்லம் 1112 சிங்க மாதம் என்று இருந்த இடத்தில் 1936 ஆகஸ்டு–செப்டம்பர் என்பதையும் சேர்க்கச் செய்தார். பத்திரத்தில் வீட்டுப்பெயரோடும் ஆதாரில் வெறும் தலைப்பெழுத்தோடும் இருந்த தாத்தாவின் பெயருக்காக, இருவரும் ஒருவரே என்று தனிப் பிரமாணப் பத்திரமும் தேவைப்பட்டது. நோட்டரிப் பணியில் இதைவிடப் பொறுப்பான வேலையை நான் பார்த்ததில்லை.

தம்பி மஸ்கட்டில் இருந்ததால், கடன் பத்திரங்களில் கையெழுத்திட எனக்குப் பவர் (அவன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) தேவைப்பட்டது. அவன் இல்லாமல் இங்கே எழுத முடியாது என்று வக்கீல் உறுதியாக மறுத்து, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னார். அந்தப் பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதை அவர் அன்றே சொன்னது பெரிய உதவி. வளைகுடாவிலிருந்து பவர் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடும் குடும்பங்கள் இதை அவசியம் அறிய வேண்டும்.

சொத்தின் உரிமை பற்றி வங்கி வக்கீல் தரும் சட்டக் கருத்துரைக்கோ, சொத்துப் பத்திரங்களை ஒப்படைத்ததற்கான ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதற்கோ நோட்டரியின் முத்திரை ஈடாகாது. சிலர் இரண்டையும் ஒன்றென எண்ணி அலைகிறார்கள். எந்தக் காரியமானாலும், முத்திரைத்தாளின் மதிப்பையும் பத்திர வாசகத்தையும் வங்கியிடமே எழுத்தில் வாங்கிக்கொண்டு நோட்டரியிடம் செல்வதே சரியான வரிசை என்பது என் கருத்து.

கட்டணத்துக்கு ரசீது தர வேண்டியது நோட்டரி விதிகளின்படி அவருடைய கடமை. அந்த ரசீதையும் பத்திரத்தின் நகலையும் கடன் கோப்பிலேயே வைத்திருக்கிறேன். கிளை மேலாளர் மாறிப் புதியவர் பழைய பத்திரத்தைப் பற்றிக் கேட்கும்போது, பதிவேட்டு எண்ணைச் சொன்னால் அவரே நோட்டரியிடம் விசாரித்து உறுதி செய்துகொள்கிறார்.