ஒற்றைத் தந்தியில் பைதகரஸைக் கேட்கலாம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் வீணை, வயலின் திருத்தும் சின்னப் பட்டறை இருக்கிறது. என் வயலின் வகுப்புப் பிள்ளைகளுக்காக அங்கே ஒற்றைத் தந்திக் கருவி ஒன்று செய்வித்தேன். பலாப் பலகையில் நீளப் பெட்டி, மேலே ஒரு உருக்குக் கம்பி, அதை முறுக்க ஒரு பிருடை, கம்பிக்குக் கீழே நகர்த்தக்கூடிய ஒரு தாங்கி, அதாவது குதிரை. 18,000 ரூபாய். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் பெட்டியின் நாதம் திறம்.

கம்பி 90 சென்ரிமீற்றர். அதன் கீழே அடிமட்டம் ஒட்டியிருக்கிறது. முழுக் கம்பி சட்ஜம் என்றால், குதிரையை 60இல் வைக்கப் பஞ்சமம், 67.5இல் சுத்த மத்திமம், 45இல் மேல் சட்ஜம். அதாவது முழுக் கம்பிக்கும் ஒலிக்கும் பகுதிக்கும் உள்ள விகிதம் 3:2, 4:3, 2:1. கணக்குப் பாடத்தில் முக்கோணத்தோடு வரும் பைதகரஸின் வழிவந்தவர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். இசைவான ஒலிகள் 1, 2, 3, 4 என்ற எண்களுக்குள் அடங்குகின்றன; அவற்றைக் கூட்டினால் 10; அதை வைத்தே அவர்கள் சத்தியம் செய்தார்கள். கோள்களின் ஓட்டத்திலும் அதே விகிதங்களைத் தேடினார்கள். கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ இன்னும் ஒரு படி மேலே போய், உலகின் ஆன்மாவே இந்த விகிதங்களால் அமைந்தது என்றார். இசை மனிதனின் குணத்தையே வார்க்கும் என்று நம்பியவர் அவர். தன் இலட்சிய நகரத்தில் டோரியன், பிரிஜியன் என்ற கிரேக்க இசை முறைகளை மட்டும் வைத்துக்கொண்டு, புலம்பலுக்கும் சோம்பலுக்கும் உரியவற்றை விலக்கிவிட்டார். கொல்லன் பட்டறையில் வெவ்வேறு எடைச் சுத்தியல்களின் ஒலியைக் கேட்டு பைதகரஸ் இதைக் கண்டுபிடித்தார் என்ற கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். சுத்தியல் எடையில் இந்தக் கணக்கு வராது, கம்பியின் நீளத்தில்தான் வரும்.

ஒரு குறை இருந்தது. குதிரை உயரம் கூடிவிட்டதால் கம்பியைத் தூக்கி இறுக்கியது. 60இல் பஞ்சமம் சற்று ஏறி ஒலித்தது. திரும்பக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணை கைபேசியில் தம்புராவை ஓடவிட்டு, அரத்தால் குதிரையின் அடியைத் தேய்த்தபடி, "டீச்சர், அடிமட்டத்தைப் பாக்கிறதோ, காதைப் பாக்கிறதோ?" என்று கேட்டார். அரிஸ்டாட்டிலின் மாணவரான அரிஸ்டொக்சேனஸ் பைதகரஸ் வழியினரோடு முரண்பட்டது சரியாக இந்த இடத்தில்தான். சுரத்தை முடிவு செய்வது காது, எண் விகிதம் அல்ல என்பது அவர் பக்கம். அண்ணையும் காதைத்தான் நம்பினார். தேய்க்கத் தேய்க்க, சுருதி சேராத இரண்டு ஒலிகளுக்கிடையே கேட்கும் அலையடிப்பு மெதுவாகி, நின்று, பஞ்சமம் தம்புராவோடு ஒட்டியது. குனிந்து பார்த்தால் குதிரை 60இலேயே நிற்கிறது! அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூலியும் வாங்கவில்லை.

வாய்ப்பாட்டு, வயலின் ஆசிரியர்களும் மருதனார்மடத்தில் இசை படிக்கும் மாணவர்களும் தாராளமாகச் செய்விக்கலாம். 80இல் வைத்தால் 9:8, நம் சதுஸ்ருதி ரிஷபம். பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டும். செய்யச் சொல்லும்போதே குதிரையை உயரம் கூடாமல் பதிவாக வைக்கச் சொல்லுங்கள். காகித அடிமட்டம் மாரியில் கிளம்புகிறது, உலோகத்தில் கேட்டு வாங்குங்கள்.