நட்சத்திரக் கேள்வியா, எழுத்துக் கேள்வியா?

மக்களவையில் ஒரு எம்.பி. அமைச்சரிடம் பதில் கேட்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான், அதுவும் குலுக்கலில் பெயர் வர வேண்டும். இதன் பலமே துணைக் கேள்விதான். "மேம்பாலப் பணி நடந்து வருகிறது" என்று அமைச்சர் முடித்தால், "எந்த மாதம் முடியும்?" என்று அங்கேயே மடக்கலாம். ஆனால் கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான். அமளி என்றால் அதுவும் போச்சு. வாய்மொழிக்கு வராத கேள்விகளுக்கு எழுத்தில்தான் பதில்.

குறியில்லாத கேள்விகள் நாளொன்றுக்கு 230 வரை. பதில் எழுத்தில் மட்டும். மடக்கிக் கேட்க வழியில்லை. ஆனால் நிர்வாக விவரம் வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்குத்தான். காலிப் பணியிடம், ஒதுக்கிய நிதி, செலவான நிதி எல்லாம் மாநில வாரியாக அட்டவணையாகவே வரும். பதில்கள் இணையத்திலும் கிடைப்பதால் யாரும் எடுத்துப் படிக்கலாம். 2020 மழைக்காலத் தொடரில் கேள்வி நேரத்தையே நீக்கியபோதும் இந்த எழுத்துப் பதில்கள் நிற்கவில்லை.

இதிலும் ஒரு நழுவல் உண்டு: "தகவல் திரட்டப்படுகிறது" என்ற ஒற்றை வரி. அது அவைக்குத் தந்த உறுதிமொழியாகவே கணக்காகும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். உறுதிமொழிக் குழு அதைக் கண்காணிக்கும். அந்தக் கெடு தாண்டினால் நம் எம்.பி. விடாமல் கேட்க வேண்டும், அதை நாம் அவரிடம் கேட்க வேண்டும்.