கால் ஆஃப் கதுல்ஹூ ஸ்டார்ட்டர் செட்: ஒரு பெட்டி, நாலு கதை

புது ஆர்பிஜி (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் கேம்) ஒன்றை ஆடிப் பார்க்கலாம் என்று கிளம்பும் குழுக்களில் பல, முதல் பகடையை உருட்டுவதற்கு முன்பே களைத்துப் போகின்றன. தலையணை சைஸ் ரூல்புக் வாங்குவார்கள், முதல் நாள் முழுக்கக் கேரக்டர் உருவாக்குவார்கள், ஆறு மாசம் நீளும் தொடர்கதை (கேம்பெயின்) என்று அறிவிப்பார்கள். மூன்றாவது ஞாயிறு பாதிப் பேர் வர மாட்டார்கள். புது கேமுக்கு நியாயமான இலக்கு ஒரு கதையைத் தொடங்கி முடிப்பது, அவ்வளவுதான். கேயாசியம் நிறுவனம் வெளியிட்டிருக்கும் இந்த ஸ்டார்ட்டர் செட், அந்த இலக்கை மனதில் வைத்தே அடுக்கப்பட்டது போலிருக்கிறது.

கால் ஆஃப் கதுல்ஹூ என்ற இந்தத் திகில் கேம் பழசு. சாண்டி பீட்டர்சன் எழுதி 1981-இல் வந்தது. பெட்டியில் இருப்பது 7-ஆம் பதிப்பின் சுருக்கமான விதிகள். 1920-களின் அமெரிக்காவில் பேராசிரியர், நிருபர் மாதிரி சாதாரண ஆட்கள் விசாரிக்கப் போய் வினையில் மாட்டிக்கொள்வார்கள். மூன்று புத்தகங்கள், தயாராக நிரப்பிய கேரக்டர் ஷீட்டுகள், வெற்று ஷீட்டுகள், ஒரு செட் பகடை, பிளேயர் கையில் கொடுக்கும் தாள்கள் எல்லாம் உள்ளே உண்டு.

முதல் புத்தகம் ஒருவர் தனியாக ஆடும் கதை. ஆர்க்கம் போகும் பஸ் எம்பர்ஹெட் என்ற ஊரில் நின்றுவிடுகிறது. எண்ணிட்ட பத்திகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கும்போதே கேரக்டர் ஷீட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. விதி சொல்லித்தர இதைவிட நல்ல வழி இந்த வகை கேம்களில் அபூர்வம். கீப்பராக, அதாவது மேஜையில் கதையை நடத்துபவராக, இருக்கப் போகிறவர் இதை ஒரு மாலையில் ஆடி முடித்தால் போதும். செத்துப் போனாலும் பரவாயில்லை. எல்லோருக்கும் வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் பாதிப் பேர் செய்ய மாட்டார்கள். இந்தக் கதை கேயாசியத்தின் தளத்தில் பிடிஎஃப்-ஆக இலவசமாகவே கிடைக்கிறது. பெட்டிக்குக் காசு கொடுக்கும் முன் இதை ஆடிப் பாருங்கள்.

இரண்டாவது புத்தகத்தில் இருக்கும் அடிப்படை விதி ஐந்து நிமிஷ வேலை. லைப்ரரி யூஸ் (நூலகத்தில் தேடும் திறமை) 60 என்றால், பத்துப் பக்கப் பகடை இரண்டை, ஒன்று பத்துகளுக்கு, மற்றது ஒன்றுகளுக்கு என்று, சேர்த்து உருட்டி 60-க்குள் விழ வேண்டும். பத்துகளின் பகடையில் 40, ஒன்றுகளில் 7 விழுந்தால் 47: சாதாரண வெற்றி. கடினமான வேலைக்குப் பாதி, அதாவது 30. அதீதக் கடினத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு, 12. இந்த மூன்று எண்ணையும் ஷீட்டில் முன்கூட்டியே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு உருட்டலுக்கும் கணக்குப் பாடம் நடக்கும். 00-வும் 0-வும் சேர்ந்து வந்தால் அது பூஜ்யம் இல்லை, 100. படுதோல்வி.

புதியவர்கள் தடுமாறும் இடம் சானிட்டி, அதாவது பயங்கரங்களைக் காணும்போது குறையும் மனநிலைப் புள்ளிகள். ஒரே அடியில் 5 அல்லது அதற்கு மேல் போனால் புத்திக்கு ஒரு உருட்டல். அதில் வென்றால்தான் தற்காலிகப் பைத்தியம், ஏனென்றால் கண்டது என்னவென்று புரிந்துவிட்டது. தோற்றவர் தப்பித்தார்! தலைகீழாக இருக்கிறதே என்று மேஜையில் வாக்குவாதம் வரும். அதை அச்சுப்பிழை என்று நினைத்து மாற்றி ஆடாதீர்கள்.

மூன்றாவது புத்தகத்தின் முதல் கதை 'பேப்பர் சேஸ்' ஒரு கீப்பர், ஒரு பிளேயருக்கானது. குழுவாக இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது தப்பு. கீப்பருக்கு இதுதான் ஒத்திகை, ஒரே உட்காரலில் முடிந்துவிடும். இங்கேயே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: கதை நகரத் தேவையான தடயத்தைப் பகடைத் தோல்வியால் மறைக்கக் கூடாது. தேடல் தோற்றால் தடயம் கிடைக்கட்டும், நேரம் கூடுதலாகப் போகட்டும், அல்லது யாராவது பார்த்துவிடட்டும். தோற்ற உருட்டலை, வேறு வழி சொல்லி, ஒருமுறை 'புஷ்' செய்யவும், அதாவது மறுபடி உருட்டவும், விதி இடம் கொடுக்கிறது. மறுபடி தோற்றால் விளைவு மோசமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சண்டையில் புஷ் கிடையாது.

அதே புத்தகத்தின் இரண்டாவது கதை 'எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்'தான் பெட்டியின் உயிர். சாகக் கிடக்கும் ஒரு முதியவர், ஒரு பண்ணை வீடு, அரைகுறையாக விட்டுப்போன ஒரு காரியம். இதை ஒரே ராத்திரியில் முடிக்க அவசரப்பட்டால் கடைசிச் சடங்குக் காட்சி சப்பென்று போகும். இரண்டு உட்காரல் ஒதுக்கி, முதலாவதைப் பண்ணை வீட்டு வாசலில் நிறுத்துங்கள். தமிழில் பேசி ஆடும் மேஜையில் ஆங்கிலத் தாளைச் சத்தமாகப் படித்தால் மூடு கலைந்துவிடும். சாரத்தைச் சொல்லிவிட்டுத் தாளைக் கையில் கொடுங்கள்.

கடைசிக் கதை 'டெட் மேன் ஸ்டாம்ப்' நியூயார்க்கின் ஹார்லெமில், ஜாஸ் இசைக்கு நடுவில் நடக்கிறது. அருமையான தொடக்கம், ஆனால் பாத்திரங்கள் அதிகம், நிறவெறியும் கதையின் பகுதி. முன்னால் பேசி வைக்காமல் எடுக்க வேண்டாம். மூன்று உட்காரலிலேயே குழுவுக்குத் திருப்தி என்றால் இதை விட்டுவிடலாம். பெட்டிக்குக் கொடுத்த காசு அதற்குள் வந்துவிடும்.

ஒரு குறை: நாலு பேர் மேஜைக்கு ஒரு செட் பகடை போதாது. குறைந்தது பத்துகளின் பகடை இன்னொன்று வாங்குங்கள். போனஸ் டைஸ் (சூழல் சாதகமாக இருந்தால் கிடைக்கும் கூடுதல் பகடை) வரும்போது பத்துகளில் இரண்டு உருட்டிச் சின்னதை எடுக்க வேண்டும்.