டார்ட்டாய்ஸ் எஸ்விஎன்: மாத்தின ப்ராபர்ட்டிய பழையபடி கொண்டு வர்றது எவ்வளவு சுலபம்?

கும்பகோணத்துல கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர், நோட்டீஸ்னு அடிக்கிற ப்ரஸ் எங்களது. டிசைன் ஃபைல் பூரா சப்வெர்ஷன்லதான் (ஃபைல்ல பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் சர்வர்ல சேத்து வெக்கிற வெர்ஷன் கன்ட்ரோல் சாஃப்ட்வேர், சுருக்கமா எஸ்விஎன்) கெடக்கு, பசங்க விண்டோஸ்ல அதுக்கான டார்ட்டாய்ஸ் எஸ்விஎன் ப்ரோக்ராம் வெச்சு எடுக்குறாங்க போடுறாங்க. எல்லாரும் கிட்டுக்குப் (Git, இதே வேலைக்கான இன்னொரு சாஃப்ட்வேர்) போயாச்சே நீங்க மட்டும் ஏன் இதுலயே இருக்கீங்கன்னு கேக்குறாங்க. லாக்குக்காகத்தான் (lock, ஃபைலை ஒருத்தர் பூட்டி வெக்கிறது). ஒரே கோரல்ட்ரா ஃபைலை ரெண்டு பேர் திருத்திட்டா அப்புறம் மெர்ஜ் பண்ண வழியே கிடையாது, அதனால நீட்ஸ்-லாக்னு ஒரு ப்ராபர்ட்டிய (ஃபைலோட சேத்து எஸ்விஎன் வெச்சுக்குற குறிப்பு) ஃபைல் மேல போட்டு வெச்சிட்டா லாக் எடுக்குற வரைக்கும் ரீட்-ஒன்லியாவே இருக்கும், ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் அழிக்க முடியாது. கிட்ல இந்த மாதிரி ப்ராபர்ட்டியே இல்ல, அது ஃபைலுக்கு எக்சிக்யூட் பர்மிஷன் இருக்கா இல்லையாங்கறத மட்டும்தான் ஞாபகம் வெச்சுக்கும்.

சரி, இந்த ப்ராபர்ட்டிய யாராச்சும் தப்பா மாத்திட்டா? அதுக்குத்தான் இந்த ரிவ்யூ. ஆவணி முகூர்த்த நேரத்துல ஒரு ஃபோல்டர் முழுக்க ரிகர்சிவா (உள்ள இருக்குற எல்லாத்துக்கும்) நீட்ஸ்-லாக் விழுந்துச்சுன்னா, அது கமிட் ஆகி (சர்வர்ல ஏறி) மத்தவங்க அப்டேட் எடுத்ததும் ரேட் லிஸ்ட் டெக்ஸ்ட் ஃபைல் வரைக்கும் எல்லார் மிஷின்லயும் ரீட்-ஒன்லி ஆயிடும். கமிட்டுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கலாம், ஆனா ஃபைலைத் திறந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, ஏன்னா ப்ராபர்ட்டி ஃபைலுக்குள்ள இல்ல. ‘செக் ஃபார் மாடிஃபிகேஷன்ஸ்’ல ப்ராபர்ட்டி ஸ்டேட்டஸ்னு தனி காலம் (column) இருக்கு, அதைப் பாருங்க. கமாண்ட்லயா இருந்தா ஸ்டேட்டஸ்ல ரெண்டாவது காலத்துல எம் (M) வரும், முதல் காலம் ஃபைல் உள்ளடக்கத்துக்கு.

கண்டுபிடிச்சதும் ரிவர்ட் (கமிட் பண்ணாத மாத்தத்தை ரத்து பண்றது) போட்டா போச்சு. இதுக்கு நெட்டே வேணாம், ஒரிஜினல் காப்பி நம்ம மிஷின்லயே .எஸ்விஎன் ஃபோல்டர்ல இருக்கு, ஐப்பசி மழைல லைன் போனாலும் வேலை நடக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

ஆனா ஒண்ணு ரொம்ப முக்கியம், ரிவர்ட் ப்ராபர்ட்டிய மட்டும் தனியா பிரிச்சு எடுக்காது, அந்த ஃபைல்ல திருத்தினதும் சேர்ந்தே போயிடும். காலைலேந்து உக்காந்து முகூர்த்த நேரம், பொண்ணு வீட்டு முகவரி எல்லாம் சரி பண்ணிருப்போம், ப்ராபர்ட்டிக்காக ரிவர்ட் அடிச்சா அந்த வேலையும் காலி. டார்ட்டாய்ஸ் ரிவர்ட் பண்றதுக்கு முன்னாடி ஃபைலை ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்புற செட்டிங் இருக்கு, தயவுசெஞ்சு அதை ஆஃப் பண்ணாதீங்க. அதுல ஃபைல் திரும்பக் கிடைக்கும், ப்ராபர்ட்டி கிடைக்காது. ஒரு ஃபைல்தான்னா ப்ராபர்ட்டீஸ் டயலாக்ல போயி அந்த நீட்ஸ்-லாக்க மட்டும் ரிமூவ் பண்ணிடுங்க, உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது. நிறைய இருந்தா சப்வெர்ஷன் 1.8லேந்து கமாண்ட் லைன்ல ப்ராபர்ட்டி டிஃப் (என்னென்ன மாறிச்சுங்கற பட்டியல்) மட்டும் தனியா எடுத்து அதையே ரிவர்ஸா பேட்ச் போடலாம் (தலைகீழா செலுத்தலாம்), கொஞ்சம் கமாண்ட் தெரிஞ்சவங்களுக்கு இதுதான் சுத்தமான வழி.

ஃபோல்டர் மேலயே இருக்குற ப்ராபர்ட்டி, அதாவது இக்னோர் லிஸ்ட் (எஸ்விஎன் கண்டுக்க வேணாத ஃபைல்கள்), எக்ஸ்டர்னல்ஸ் (வேற இடத்துலேந்து இழுத்துக்குறது) மாதிரி மாறிடுச்சுன்னா கமாண்ட் லைன் ரிவர்ட் ரிகர்சிவ்னு சொல்லாத வரைக்கும் உள்ள இருக்குற ஃபைல்களத் தொடாது. டார்ட்டாய்ஸ்ல லிஸ்ட் வரும், ஃபோல்டருக்கு மட்டும் டிக் வெச்சுட்டு மத்ததெல்லாம் எடுத்துடுங்க. அவசரத்துல அப்படியே ஓகே அடிக்கிறவங்க நிறைய பேர்.

கமிட் ஆயிடுச்சா, பரவால்ல. ஹிஸ்டரி காட்டுற லாக்ல (log, பூட்டு இல்ல) அந்த ரிவிஷனை (அந்தக் கமிட்டோட நம்பர்) ரைட் கிளிக் பண்ணி ‘ரிவர்ட் சேஞ்சஸ் ஃப்ரம் திஸ் ரிவிஷன்’ குடுத்தா ப்ராபர்ட்டியும் சேர்ந்து பழையபடி ஆகும், திரும்ப ஒரு கமிட் போடணும், ஹிஸ்டரில ரெண்டுமே இருக்கும்.

எனக்கு நிஜமாவே வருத்தம் எதுலன்னா ரிவிஷன் ப்ராபர்ட்டில. லாக் மெசேஜ் (கமிட் பண்றப்ப எழுதுற குறிப்பு), யார் போட்டது, தேதி இதெல்லாம் அந்த வகை. இதுக்கு வெர்ஷனே கிடையாது, மாத்திட்டா பழசு போனது போனதுதான், எந்த ரிவர்ட்டும் கொண்டு வராது. வெர்ஷன் கன்ட்ரோல்னு பேர் வெச்சுக்கிட்டு இப்படி ஒரு ஓட்டைய விட்டிருக்கக் கூடாதுன்னுதான் எனக்குத் தோணுது, ஏன்னா எந்தக் கஸ்டமர் எப்ப ப்ரூஃப் ஓகே பண்ணாருங்கறதையே நாங்க லாக் மெசேஜ்லதான் எழுதி வெக்கிறோம். நல்லவேளை, ப்ரீ-ரெவ்ப்ராப்-சேஞ்ச் ஹுக்னு ஒண்ணு (சர்வர் தானா ஓட்டுற சின்ன ஸ்கிரிப்ட்) சர்வர்ல போடாத வரைக்கும் இந்த மாத்தத்தை சப்வெர்ஷன் அனுமதிக்கவே அனுமதிக்காது. எழுத்துப்பிழை திருத்தறதுக்காக அதைத் திறந்து விடறதா இருந்தா லாக் மெசேஜுக்கு மட்டும் திறங்க, கூடவே போஸ்ட்-ரெவ்ப்ராப்-சேஞ்ச் ஹுக்கும் போடுங்க. பழைய மெசேஜ் அந்த ஹுக்குக்கு இன்புட்டா வரும், அதை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதிக்கிட்டே வரச் சொல்லிட்டா போதும்.