மோட்டார்ஹோம் ஜெனரேட்டருக்கு "போர்டு போயிடுச்சு" என்று சொன்னால் உடனே காசு கொடுக்காதீர்கள்

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்களுக்கும், பழைய வண்டி வாங்கப் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. எங்கள் வண்டியில் இருப்பது கம்மின்ஸ் ஓனன் 4000 வாட் பெட்ரோல் ஜெனரேட்டர், கேஒய் வரிசை. குளிர்காலம் முழுக்க நின்றபின் ஸ்டார்ட் ஆகும், ஒரு நிமிஷம் சத்தம் ஏறி இறங்கும், அப்படியே அணைந்துவிடும். தெற்குக் கலிஃபோர்னியாவில் ஓர் ஒர்க்‌ஷாப் இதற்கு 1,840 டாலர் வாங்கியது. பில்லில் போட்டிருந்தவை: புது கண்ட்ரோல் போர்டு (ஜெனரேட்டரை இயக்கி நிறுத்தும் எலக்ட்ரானிக் பலகை), ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றியது, நான்கு மணி நேர லோடு டெஸ்ட் (மின்சுமை கொடுத்து ஓட்டிப் பார்ப்பது), லேபர். வண்டி திரும்பி வந்தும் கோளாறு போகவில்லை. அதைவிட மோசம், செய்யாத வேலைக்கும் பில் போட்டிருந்தார்கள்.

எப்படித் தெரியும் என்றால், இந்த 4000 மாடலுக்கு ஆயில் ஃபில்டரே கிடையாது. ஒற்றை சிலிண்டர், ஒரே ஒரு ஸ்பார்க் பிளக், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஆயில். அவ்வளவுதான். ஃபில்டர் இருப்பது இரண்டு சிலிண்டர் உள்ள 5500, 7000 மாடல்களில். இல்லாத பாகத்தை மாற்றியதாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்துப் பார்த்தால் ஆயில் கறுப்பாக, பெட்ரோல் நாற்றத்தோடு இருந்தது. அன்று ஊற்றிய ஆயில் தேன் நிறத்தில்தான் இருக்க வேண்டும். லோடு டெஸ்ட்டின் கதையை மணிக்கணக்கு மீட்டர் சொன்னது. வண்டியை விடும்போது எடுத்த போட்டோவுக்கும் திரும்ப வந்தபோது இருந்த எண்ணுக்கும் வித்தியாசம் 0.3. அதாவது பதினெட்டு நிமிஷம்.

போர்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜெனரேட்டர் தானாக நின்றதும் ஸ்டார்ட் சுவிட்சில் இருக்கும் சின்ன விளக்கு கண்சிமிட்டும். மூன்று முறை சிமிட்டினால் ஸ்டாப் பக்கத்தை ஒரு தடவை அழுத்துங்கள், கோளாறைச் சொல்லும் இரண்டு இலக்க எண் (கோடு) சிமிட்டலாக வரும். மூன்று சிமிட்டல், சின்ன இடைவெளி, ஆறு சிமிட்டல் என்றால் 36. விளக்கு ஓய்ந்துவிட்டால் ஐந்து வினாடிக்குள் ஸ்டாப்பை மூன்று தடவை அழுத்தினால் கடைசிக் கோடு திரும்ப வரும். 36 என்றால் போர்டு நிறுத்தச் சொல்லவில்லை, எஞ்சின் தானாக நின்றது என்று பொருள். முதலில் சந்தேகப்பட வேண்டியது பெட்ரோல் வருகிற வழியை. 27 வந்தால்தான் மின்சாரப் பக்கம், பிரஷ், ஸ்லிப் ரிங், ஒயரிங் என்று போக வேண்டும். 32 வந்தால் எஞ்சின் போதுமான வேகத்தில் சுழலவில்லை. பேட்டரியையும் எர்த் ஒயர் இணைப்பையும் சுத்தம் செய்யுங்கள். எங்களுக்கு வந்தது 36. அதை அவர்களிடம் எழுதியே கொடுத்திருந்தோம்.

உண்மையான காரணம் கார்ப்பரேட்டர். அமெரிக்காவில் பெட்ரோல் பங்கில் வரும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கும். அது ஈரத்தை இழுக்கும். சில மாதம் நின்றால் லேசான பாகம் ஆவியாகி, மிச்சம் பிசின் போல கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும். ஜெட்டின் துளை குண்டூசி முனை அளவு. கொஞ்சம் அடைத்தாலே எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றாது. சோக் பிடித்திருக்கும்வரை ஓடி, சோக் விட்டதும் நின்றால் இதுதான். ஆனால் கார்ப்பரேட்டரைக் கழற்றும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். டேங்க் கால் பாகத்துக்குக் கீழே இருந்தால் ஜெனரேட்டருக்குப் பெட்ரோலே ஏறாது, வண்டி நடுவழியில் நிற்காமல் இருக்க அப்படித்தான் குழாயை வைத்திருக்கிறார்கள். அடுத்து, பழைய ரப்பர் குழாய் வெடித்திருந்தால் பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். தனி கேனில் புதுப் பெட்ரோல் வைத்து, புதுக் குழாயை நேராக ஜெனரேட்டரின் பெட்ரோல் நுழைவாயிலில் மாட்டி ஓட்டிப் பார்த்தால் குழாயா கார்ப்பரேட்டரா என்று தெரிந்துவிடும். திறந்த வெளியில், கேனைச் சூட்டிலிருந்து தள்ளி வைத்து, தீயணைப்பான் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். ஸ்டாப்பை அழுத்திப் பிடித்தால் பம்ப் ஓடி பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும்.

இன்னொரு சாக்கும் சொல்வார்கள்: "ஹெட் (மின்சாரம் உண்டாக்கும் பகுதி) வீக், லோடு தாங்கலை." மலை மேல் ஓட்டியிருந்தால் நம்பாதீர்கள். 500 அடிக்கு மேல் ஒவ்வொரு 1000 அடிக்கும் சுமார் 3.5 சதவீதம் சக்தி குறையும். தெற்குக் கலிஃபோர்னியா மலையில் உள்ள பிக் பேர் ஏரி 6,700 அடிக்கும் மேலே இருக்கிறது; அங்கே 4000 வாட் ஜெனரேட்டர் 3100 வாட் கொடுத்தாலே சரி. கார்ப்பரேட்டரில் இருக்கும் உயரத் திருகையும் அந்த இடத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

எனக்கு ஆறாத கோபம் எக்ஸாஸ்ட் விஷயத்தில்தான். ஜெனரேட்டரை இறக்கி ஏற்றியவர்கள் மஃப்ளர் குழாயின் கிளாம்பை அரைகுறையாக முறுக்கிவிட்டிருந்தார்கள். இணைப்பைச் சுற்றிப் புதுக் கரி படிந்திருந்தது, அந்த இடத்தில் புகை கசிகிறது என்று அர்த்தம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். காசு போனால் சம்பாதிக்கலாம். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி வந்ததும் குனிந்து குழாய் முழுவதையும் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் கார்பன் மோனாக்சைடு (சிஓ) அலாரத்தை அழுத்திப் பாருங்கள், அதன் பின்புறத்தில் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம், பாதி லோடில், அதாவது 2000 வாட் அளவில் ஓட்டுங்கள். ஒரு 13,500 பிடியூ ஏசியும் பேட்டரி சார்ஜரும் சேர்ந்தால் ஏறக்குறைய வந்துவிடும். லோடு இல்லாமல் பத்து நிமிஷம் ஓட்டுவதில் பிரயோஜனமில்லை. கம்பிச் சுருள் (காயில்) சூடேறினால்தான் உள்ளே தேங்கிய ஈரம் காயும், ஸ்லிப் ரிங்கும் சுத்தமாகும். ஆயில் 150 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருஷம் ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அது. புது எஞ்சினுக்கு முதல் 20 மணியிலேயே மாற்றிவிட வேண்டும். பிளக் இடைவெளி 0.64 மில்லிமீட்டர். நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் புதுப் பெட்ரோலில் அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்ப்பரேட்டர்வரை போய்ச் சேரும்படி ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

வேலைக்குக் கொடுக்கும்போது மீட்டரையும் டிப்ஸ்டிக்கையும் போட்டோ எடுங்கள். போர்டு, கார்ப்பரேட்டர் மேலெல்லாம் பெயின்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். கழற்றிய பாகம் திரும்ப வேண்டும் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே எஸ்டிமேட்டில் எழுத வையுங்கள். எந்தக் கோடு வந்தது, அதற்கு ஏன் இந்தப் பாகம் என்று கேளுங்கள். வண்டியைத் திரும்ப வாங்கும்போது ஏசியைப் போட்டு அரை மணி நேரம் அவர்கள் வாசலிலேயே ஓட்டச் சொல்லுங்கள், மல்டிமீட்டரில் 120 வோல்ட் பக்கத்தில் நிற்கிறதா, 60 ஹெர்ட்ஸ் ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ஓட்டிக் காட்ட மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.