இமையோர லேசர் சிகிச்சை: வெளிக்கண்ணாடியா, உலோக உள்கவசமா?

கீழிமைச் சுருக்கங்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்துகொள்வது என்று முடிவான பிறகு, எத்தனை அமர்வு தேவைப்படும் என்பதைவிட, அந்த நேரத்தில் என் கண்ணை எது காக்கும் என்ற கேள்வியே எனக்குப் பெரிதாக இருந்தது. கண்குழியின் மேல் பொருந்தும் ஒளிபுகாத வெளிக்கண்ணாடி ஒரு வழி. இமைக்கு அடியில் விழியின் மீதே அமரும் உலோகக் கவசம் இன்னொரு வழி. நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தேன், இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன்.

கண்ணை இறுக மூடிக்கொள்வதையும் விரலால் இமையை மறைப்பதையும் பாதுகாப்பு என்ற கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. ஒட்டும் வகை மறைப்புகள் வெளிக்கண்ணாடியின் இனம்தான். வியர்வையிலும் ஜெல்லிலும் ஓரம் பெயர்ந்துவிடும். கன்னம், மேலுதடு, தாடை ஆகிய இடங்களுக்கு, சரியாகப் பொருந்திய வெளிக்கண்ணாடியே போதும். அங்கே உள்கவசத்துக்கு வேலையில்லை.

சிக்கல் கண்குழி எலும்பின் விளிம்பைத் தாண்டி உள்ளே வரும்போதுதான் தொடங்குகிறது. வெளிக்கண்ணாடி அமர்ந்திருப்பதே அந்த விளிம்பின் மேல் என்பதால், இமையில் சிகிச்சை செய்ய வேண்டுமானால் அதைச் சற்று நகர்த்தியோ தூக்கியோ ஆக வேண்டும்; அந்த இடைவெளி ஒளி நுழையப் போதும். மூடிய இமை காக்கும் என்று நம்பவும் வழியில்லை. இமைத்தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனே உடையது; புருவத்தடியில் முடி நீக்கப் பயன்படும் லேசர்களோ தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் வரை செல்லக் கூடியவை. போதாக்குறைக்கு, கண்ணை மூடும்போது பெரும்பாலோருக்கு விழி தானாகவே மேல்நோக்கி உருளும். சார்லஸ் பெல் என்ற மருத்துவரின் பெயரால் அறியப்படும் இந்த இயல்பினால், கண்மணியைச் சுற்றியுள்ள, நிறமி நிறைந்த வளையமான ஐரிஸ் புருவத்தின் பக்கம் நெருங்கி வந்துவிடுகிறது. 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட், 810 நானோமீட்டர் டயோடு போன்ற லேசர்கள் தேடிப் போவது முடியில் உள்ள மெலனின் என்ற நிறமியை. அதே மெலனின் ஐரிஸிலும் இருப்பதால் அழற்சி, ஐரிஸ் சிதைவு, கண்மணி வட்டம் கோணுதல், சில வேளைகளில் கண்புரை வரை ஏற்பட்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத 1,064 நானோமீட்டர் என்டி யாக் லேசரின் ஒளி விழித்திரை வரை சென்று சுடக்கூடியது; விழித்திரைக்கு வலி உணர்வு இல்லாததால் சுட்டது உடனே தெரியாமலும் போகலாம். எனக்குச் செய்த கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10,600 நானோமீட்டர் ஒளியை நீர் உறிஞ்சும் என்பதால், அதில் ஆபத்து முதலில் கண்ணின் முன்பரப்பான கார்னியாவுக்கு.

உள்கவசத்துக்கு நான் அதிக மதிப்புத் தருவது இதனால்தான்: விழி எந்தப் பக்கம் உருண்டாலும் கவசம் இமைக்கும் கார்னியாவுக்கும் நடுவிலேயே இருக்கிறது. மரப்புச் சொட்டு மருந்து விட்ட சில நொடிகள் எரிந்தது; பிறகு, உட்புறம் களிம்பு தடவிய அந்தக் கிண்ணம் போன்ற எஃகுத் துண்டு மேலிமைக்கு அடியில் குளிர்ச்சியாகச் சறுக்கி உட்கார்ந்தது. வலி இல்லை, அழுத்தம் மட்டுமே. வெளிப்புறம் மங்கலாக இருப்பது ஒளி பட்டுத் தெறிக்காமலிருக்க. உட்புறம் வழவழப்பாக இருப்பது கார்னியாவை உராயாமலிருக்க. அந்த உட்புறத்தில் கீறல் விழுந்திருந்தால் கவசமே காயம் செய்துவிடும் என்பதால், போடும் முன் அதை விளக்கொளியில் திருப்பிக் காட்டும்படி கேட்டேன், காட்டினார்கள். பிளாஸ்டிக் கவசம் சூட்டில் உருகக் கூடியது, இந்த வகை லேசருக்கு அதை ஏற்கவே கூடாது.

குறைகளும் உண்டு. களிம்பினால் பார்வை சில மணி நேரம் மங்கியது. மரப்பு தெளியும் வரை கண்ணைக் கசக்கக் கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது. நான் இருமுறைதான் அணிந்திருக்கிறேன், இரண்டும் பழகிய கைகள். பழகாத கையில் கார்னியா உராய்வுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், போடுபவரின் அனுபவத்தை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

எதை அணிந்திருந்தாலும், சிகிச்சைக்குப் பின் கண்வலி, கூச்சம், சிவப்பு, கண்மணி வடிவ மாற்றம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அழற்சியைச் சொட்டு மருந்தால் அடக்கலாம், சிதைந்த ஐரிஸ் திரும்ப வளராது. புருவத்துக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் நான் இரண்டு கவசங்களையும் நாடவில்லை. அந்த இடத்துக்கு லேசரே வேண்டாம் என்று நூலால் எடுத்துக்கொள்கிறேன்.